நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் லைட் இன்ஃபன்ட்ரி: பச்சைச் சட்டைக்கு அப்பால்

நெப்போலியன் போர்களைப் பற்றிப் படிக்கும்போது பிரிட்டிஷ் ராணுவத்தில் 'லைட் இன்ஃபன்ட்ரி' என்று சிலரைத் தனியாகச் சொல்கிறார்கள். அவர்கள் மற்ற காலாட்படைச் சிப்பாய்களிடமிருந்து எப்படி வேறுபட்டார்கள், எல்லோரும் பச்சைச் சட்டையும் ரைஃபிளுமாகத் திரிந்த குறிபார்ப்பாளர்கள்தானா என்பது கேள்வி.

பின்பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. லைட் இன்ஃபன்ட்ரியில் பெரும்பாலானவர்கள் மற்ற சிப்பாய்களைப் போலவே சிவப்புச் சட்டைதான் போட்டிருந்தார்கள். கையில் இருந்ததும் கிட்டத்தட்ட அதே மஸ்கட் துப்பாக்கிதான். நாவல்களும் டிவி தொடர்களும் பச்சைச் சட்டை ரைஃபிள்காரனைப் பிடித்துக்கொண்டதில் மற்றவர்கள் கண்ணில் படாமல் போய்விட்டார்கள். ரைஃபிள் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் படைப்பிரிவின் கதை ஆயுதத்தைப் பற்றியது அல்ல. அதிகாரியின் பார்வைக்கும் சார்ஜென்டின் தடிக்கும் எட்டாத தூரத்தில், ஒரு சாதாரணச் சிப்பாயை அவன் புத்தியை நம்பிச் சண்டை போட விடலாமா? இதுதான் அப்போது இருந்த பிரச்சினை. 'விடலாம்' என்று முழுமனதோடு ஒத்துக்கொள்ள பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் சுமார் ஐம்பது வருடம் பிடித்தது.

அந்தக் காலத்துக் காலாட்படை ஏன் தோளோடு தோள் ஒட்டி வரிசையில் நின்றது என்பதிலிருந்து தொடங்குவோம். மஸ்கட்டின் குழாய் உட்புறம் வழவழப்பாக இருக்கும். குண்டு குழாயைவிடக் கொஞ்சம் சிறியது. அதனால் சட்டென்று உள்ளே போட்டு இடித்துவிடலாம், பயிற்சி உள்ளவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். ஆனால் குண்டு குழாய்க்குள் தட்டுத் தடுமாறி வெளியே வருவதால், 100 கஜத்தைத் தாண்டினால் குறி என்ற பேச்சுக்கே இடமில்லை. 200 கஜத்தில் ஒரு மனிதனைப் பார்த்து மஸ்கட்டால் சுடுவதும் நிலாவைப் பார்த்துச் சுடுவதும் ஒன்றுதான் என்று அந்தக் காலத்துக் கர்னல் ஜார்ஜ் ஹேங்கர் எழுதினார். ஒருவன் சுட்டால் படாது, அதனால் ஐந்நூறு பேர் ஒரே சமயத்தில் சுட வேண்டும். வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை அதிகாரிகள் அவ்வளவு வெளிப்படையாகப் பேச மாட்டார்கள். வறுமையாலும் சாராயத்தாலும் படையில் சேர்ந்தவர்கள் ஏராளம். தனியாக விட்டால் ஓடிவிடுவார்கள் என்ற பயம் எப்போதும் இருந்தது. ஆகவே வரிசை என்பது சுடுவதற்கான ஏற்பாடு மட்டுமல்ல, ஆளை ஓடாமல் நிறுத்தி வைக்கிற ஏற்பாடும்கூட.

லைட் இன்ஃபன்ட்ரியின் வேலை இதற்கு நேர் எதிர். முக்கிய வரிசைக்குச் சில நூறு கஜம் முன்னால் போய், பரவலாக நின்று, மரம், பாறை, சுவர் என்று கிடைத்த மறைவில் இருந்து சுட வேண்டும். எதிரியின் அதிகாரிகளையும் பீரங்கிக்காரர்களையும் தேடிச் சுட வேண்டும். எதிரியும் இதேபோல ஆட்களை அனுப்புவான், அவர்கள் நம் வரிசையை நெருங்காமல் தடுக்க வேண்டும். படை நடக்கும்போது முன்னால் போவதும், பின்வாங்கும்போது கடைசியில் வருவதும், இரவில் புறக்காவலில் விழித்திருப்பதும் இவர்கள்தான்.

இதன் அவசியம் பிரிட்டனுக்கு முதலில் உறைத்தது வட அமெரிக்காவில். 1755 ஜூலையில் மொனோங்கஹேலா ஆற்றங்கரைக் காட்டில், மரத்துக்கு மரம் ஒளிந்து சுட்ட பிரெஞ்சுக்காரர்களிடமும் செவ்விந்தியர்களிடமும் ஜெனரல் பிராடக்கின் படை வரிசை கலையாமல் நின்று சின்னாபின்னமானது. பிராடக்கும் செத்தார். அதற்கப்புறம்தான் காட்டுச் சண்டைக்கென்று ஆட்களைப் பிரித்துப் பழக்கினார்கள். பிரான்ஸோடு நடந்த அந்தப் போர் 1763இல் முடிந்ததும் செலவு மிச்சம் என்று கலைத்துவிட்டார்கள். 1770களின் தொடக்கத்தில் மறுபடி ஒவ்வொரு பட்டாலியனுக்கும் ஒரு லைட் கம்பெனி வந்தது. பட்டாலியனில் பத்துக் கம்பெனி. அதில் ஒரு பக்கம் உயரமானவர்கள் கொண்ட கிரனேடியர் கம்பெனி, இன்னொரு பக்கம் சுறுசுறுப்பானவர்கள் கொண்ட லைட் கம்பெனி, நடுவில் எட்டு சாதாரணக் கம்பெனிகள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. எங்கே அவசரம் என்றாலும் இந்த இரண்டு ஓரக் கம்பெனிகளையும் பட்டாலியனிலிருந்து கழற்றி அனுப்பிவிடுவார்கள். அதன் விளைவை நம் ஊரிலேயே பார்க்கலாம். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையைச் சுற்றிவளைத்து அழித்தார்கள் அல்லவா? பெய்லிக்கு உதவியாகக் கடைசி நேரத்தில் அனுப்பப்பட்டவர்களில் 73ஆம் ஹைலேண்ட் ரெஜிமெண்டின் கிரனேடியர், லைட் கம்பெனிகளும் இருந்தன. அதில் கேப்டனாக இருந்த டேவிட் பெயர்ட் படுகாயத்தோடு பிடிபட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் மூன்றரை வருடத்துக்கு மேல் கிடந்தார். கைதிகளை இரண்டிரண்டு பேராகச் சங்கிலியில் பிணைத்திருக்கிறார்கள் என்று ஸ்காட்லாந்தில் இருந்த அவர் அம்மாவுக்குச் செய்தி போனதாம். 'எங்க டேவியோடு கட்டப்பட்டவன் பாவம்' என்றாராம் அந்த அம்மா. அதே ரெஜிமெண்ட் அடுத்த வருடம் பரங்கிப்பேட்டையில் சண்டை போட்டது, அப்புறம் 71 என்று எண் மாறியது. பெயர்டும் அந்த ரெஜிமெண்டும் பின்னால் மறுபடி வருவார்கள்.

அமெரிக்க விடுதலைப் போரில் லைட் கம்பெனிகளுக்கு நிறைய வேலை இருந்தது, நன்றாகவே செய்தன. ஆனால் போர் முடிந்ததும் பழைய கதைதான். 1788இல் டேவிட் டண்டாஸ் என்ற அதிகாரி பிரஷ்யப் பாணியில் ஒரு பயிற்சி முறையை எழுதினார். 1792இல் அதுவே ராணுவம் முழுவதற்கும் விதியானது. இறுக்கமான வரிசை, அளந்து வைத்த அடி, பதினெட்டு வகை அசைவு. லைட் இன்ஃபன்ட்ரிக்கு அதில் ஓரத்தில் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். டண்டாஸைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் கிடையாது. அதற்கு முன் ஒவ்வொரு கர்னலும் தன் இஷ்டத்துக்கு ஒரு பயிற்சி வைத்திருந்தார், இரண்டு பட்டாலியன்கள் சேர்ந்து திரும்பக்கூட முடியாத நிலை. அந்தக் குழப்பத்தை ஒழித்தவர் அவர்தான்.

ஆனால் நேரம் சரியில்லை. 1793இல் ஃபிளாண்டர்ஸில் பிரிட்டிஷ் படை சந்தித்தது புரட்சிக்கால பிரெஞ்சு ராணுவத்தை. அவர்கள் பட்டாலியன் பட்டாலியனாகச் சிதறி, புதருக்குப் புதர் ஓடிச் சுட்டார்கள். நேராக நிற்கும் வரிசைக்குத் திருப்பிச் சுட எதுவும் அகப்படவில்லை. 1799இல் ஹாலந்தின் மணல்மேடுகளிலும் அதே அனுபவம். பிரிட்டன் அவசரத்துக்கு என்ன செய்தது? பணம் கொடுத்து ஆள் பிடித்தது. ஜெர்மானிய வேட்டைக்காரர்கள், பிரான்ஸிலிருந்து தப்பி ஓடிவந்தவர்கள் என்று வெளிநாட்டவர்களை லைட் இன்ஃபன்ட்ரியாகச் சேர்த்தது. காட்டில் ஒளிந்து சுடுவது ஜெர்மன்காரனுக்கு வரும், ஆங்கிலேயனுக்கு வராது என்று அதிகாரிகளே நம்பினார்கள்.

இந்த வெளிநாட்டவர்களின் பங்கை ஆங்கிலேயர்கள் பின்னால் வசதியாக மறந்துவிட்டார்கள். 1797-98இல் ஐல் ஆஃப் வைட் தீவில் 60ஆம் ரெஜிமெண்டுக்கு ஐந்தாவது பட்டாலியன் ஒன்று உருவானது. பெரும்பாலும் ஜெர்மானியர்கள். பிரிட்டிஷ் ராணுவத்தில் முழுக்கப் பச்சைச் சட்டையும் ரைஃபிளும் கொண்ட முதல் ரெஜிமெண்ட் பட்டாலியன் இதுதான், புகழ்பெற்ற 95ஆம் ரைஃபிள்ஸ் அல்ல. அதன் தலைவர் 'பரோன்' பட்டம் கொண்ட ஃபிரான்சிஸ் டி ராட்டன்பர்க். அவர் எழுதிய பயிற்சி நூல் 1798இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அடுத்த பதினேழு வருடம் பிரிட்டிஷ் லைட் இன்ஃபன்ட்ரி என்ன செய்ததோ அதன் அஸ்திவாரம் பெரும்பாலும் அந்தச் சின்ன நூல்தான்.

95 வந்தது அதற்கு அப்புறம். 1800இல் கூட் மேனிங்ஹாம், வில்லியம் ஸ்டூவர்ட் என்ற இரண்டு கர்னல்கள், பல ரெஜிமெண்டுகளிலிருந்து ஆட்களை வாங்கி ஹார்ஷம் என்ற ஊரில் ஒரு சோதனைப் படையை அமைத்தார்கள். தன் ரெஜிமெண்டிலிருந்து நல்ல ஆளைக் கொடுக்க எந்தக் கர்னலுக்கு மனசு வரும்? வந்தவர்களில் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இருந்தும் அதே ஆகஸ்டில் ஸ்பெயினின் ஃபெரோல் துறைமுகத்தில் முதல் சண்டை போட்டுவிட்டார்கள். சில வருடத்துக்குள் சோதனைப் படை 95ஆம் ரெஜிமெண்ட் ஆனது.

அவர்கள் கையில் இருந்த ரைஃபிள் லண்டன் வைட்சாப்பலில் கடை வைத்திருந்த எசேக்கியல் பேக்கர் வடிவமைத்தது. 30 அங்குலக் குழாய், உள்ளே ஏழு வரிப்பள்ளங்கள், அவை குழாயின் நீளத்தில் கால் சுற்று திரும்பும். வரிப்பள்ளம் குண்டைச் சுழல வைக்கும், சுழலும் குண்டு நேராகப் போகும். பழகிய கை 200 கஜத்தில் ஆளை அடிக்கலாம். விலை என்னவென்றால் நேரம். குண்டைக் கிரீஸ் தடவிய தோல் துண்டில் பொதிந்து இறுக்கி இறக்க வேண்டும். முதலில் இதற்காகச் சின்ன மரச்சுத்திகூடக் கொடுத்தார்கள், சீக்கிரமே கைவிட்டார்கள். மஸ்கட்காரன் மூன்று முறை சுடும் நேரத்தில் இவன் இரண்டு முறை சுட்டால் அதிகம். இந்தத் தாமதத்தால்தான் நெப்போலியன் தன் படையில் இருந்த கொஞ்சநஞ்ச ரைஃபிள்களையும் 1807இல் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிரிட்டன் எல்லோருக்கும் ரைஃபிள் கொடுக்காததற்கும் இதே காரணம்தான், செலவு தவிர.

மேனிங்ஹாமின் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ரைஃபிள் பற்றியது அல்ல. ஒவ்வொரு சிப்பாயும் தனக்கு ஒரு தோழனைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். முன்வரிசைக்காரனுக்குப் பின்வரிசையில் ஒருவன். காவல், சாப்பாடு, படுக்கை எல்லாம் ஒன்றாக. சண்டையில் இந்த இருவர்தான் ஒரு அலகு. ஒருவன் சுட்டுவிட்டு மருந்து இடிக்கும்போது மற்றவன் துப்பாக்கி நிறைந்திருக்க வேண்டும். 'நான் தயார்' என்று தோழன் சொல்லும்வரை இவன் சுட மாட்டான். இருவர் துப்பாக்கியும் ஒரே நேரத்தில் காலியாக இருந்தால், குதிரைப்படைக்காரன் ஒருவன் வந்தாலே கதை முடிந்தது. கூட இருப்பவன் ஓடிவிட மாட்டான் என்ற நம்பிக்கையை மேலிருந்து கட்டளையாக இறக்க முடியாது. அதனால்தான் தேர்வை அவர்களிடமே விட்டார்கள்.

இனி ஷோர்ன்கிளிஃப். கென்ட் கடற்கரையில் ஃபோக்ஸ்டோனுக்குப் பக்கத்தில் இருக்கும் மேட்டு நிலம். கடலுக்கு அந்தப் பக்கம் பூலோனில் நெப்போலியன் படையெடுப்புக்காக ஆள் சேர்த்துக்கொண்டிருந்த சமயம். 1803இல் இங்கே சர் ஜான் மூர் தலைமையில் 52, 43, 95 ஆகிய ரெஜிமெண்டுகள் பயிற்சி பெற்றன. 52ஆம் ரெஜிமெண்ட் ஜனவரியிலும் 43 ஜூலையிலும் அதிகாரபூர்வமாக லைட் இன்ஃபன்ட்ரி ஆயின. முதல்முறையாக ஒரு கம்பெனி மட்டும் அல்லாமல் முழு ரெஜிமெண்டே அப்படி ஆனது. ஒத்துவராதவர்கள் வேறு ரெஜிமெண்டுகளுக்கு மாற்றப்பட்டார்கள்.

மூர்தான் லைட் இன்ஃபன்ட்ரியின் தந்தை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதைக் கொஞ்சம் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தினமும் மைதானத்தில் நின்று பயிற்சியை உருவாக்கியவர் 52ஆம் ரெஜிமெண்டின் லெப்டினன்ட் கர்னல் கென்னத் மெக்கன்சி. பயிற்சியின் பெரும்பகுதி ராட்டன்பர்க்கிடமிருந்து வந்தது, டண்டாஸின் வரிசைப் பயிற்சியையும் தூக்கி எறியவில்லை. ஷோர்ன்கிளிஃப் ரெஜிமெண்டுகளின் பலமே அதுதான்: காலையில் சிதறிச் சண்டை போட்டுவிட்டு, மதியம் மற்ற எந்த ரெஜிமெண்டையும்போல இறுக்கமான வரிசையில் நின்று சுட முடியும். மூர் கொடுத்தது பாதுகாப்பும் மனப்போக்கும். அதிகாரிகள் சிப்பாய்களோடு சேர்ந்து வரிசையில் நின்று பயிற்சி கற்க வேண்டும். தன் வேலை தெரியாத அதிகாரி சிப்பாயைக் குறை சொல்லக் கூடாது. தவறு நடந்தபின் அடிப்பதைவிட நடக்காமல் பார்த்துக்கொள்வது அதிகாரியின் பொறுப்பு. பணம் கொடுத்துப் பதவி வாங்கிய கனவான்கள் நிறைந்த ராணுவத்தில், இது சாதாரண விஷயம் இல்லை.

பயிற்சியின் வெளிப்பாடு சண்டைக்களத்தில் எப்படி இருந்தது? கம்பெனியில் பாதிப்பேர் முன்னால் போய்ச் சங்கிலிபோல் பரவுவார்கள், மீதிப்பேர் பின்னால் கூட்டாகக் காத்திருப்பார்கள். மொத்தப் பேரையும் ஒரேயடியாகச் சிதறவிடுவது பெரிய தப்பு. கட்டளை குரலில் எட்டாது, ஆகவே விசிலும் பியூகிளும். மற்ற ரெஜிமெண்டுகளில் முரசு, இவர்களுக்கு பியூகிள். தொப்பியில் இருந்த சின்னமும் அதுவே. முன்னேறு, நில், சுடு, பின்வாங்கு, குதிரைப்படை வருகிறது என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஊதல்.

பிரெஞ்சுக்காரர்களோடு ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நடந்த போரில் 1808 ஆகஸ்ட் 15 அன்று ஓபிடோஸ் என்ற ஊரருகே முதல் சண்டையைத் தொடங்கியவர்கள் 95, 60 ரைஃபிள்காரர்கள்தான். கொஞ்சம் அதிகமாகவே துரத்திப் போய் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் போரில் இறந்த முதல் பிரிட்டிஷ் அதிகாரி லெப்டினன்ட் பன்பரி அங்கேதான் விழுந்தார். அந்தக் குளிர்காலம் மூரின் படை பனியில் கொருன்னா துறைமுகத்துக்குப் பின்வாங்கியது. ஒழுங்கு பல ரெஜிமெண்டுகளில் குலைந்தது. வழியெல்லாம் குடித்துவிட்டுக் கிடந்தார்கள். கடைசியில் நின்று துரத்துபவர்களைத் தடுத்த படையில் ஷோர்ன்கிளிஃப் பட்டாலியன்கள் இருந்தன. 1809 ஜனவரி 3 அன்று ககபெலோஸ் பாலத்தருகே டாம் பிளங்கட் என்ற அயர்லாந்துக்காரன் முன்னே ஓடி, பனியில் மல்லாந்து படுத்து, துப்பாக்கி வாரில் காலை மாட்டிக்கொண்டு பிரெஞ்சு ஜெனரல் கோல்பெரைச் சுட்டுக் கொன்றான். 200 கஜம் என்பார்கள், 600 கஜம் என்பார்கள். கதை சொல்பவரின் உற்சாகத்தைப் பொறுத்துத் தூரம் நீள்கிறது.

இதே பிளங்கட் பின்னால் குடிபோதையில் தன் கேப்டனைச் சுடப்போவதாக மிரட்டியதற்காக சார்ஜென்ட் பதவியை இழந்து 300 கசையடி தண்டனை பெற்றான். கசையடியை வெறுத்த கர்னல் பெக்வித் 35 அடியோடு நிறுத்தச் சொன்னார். கடைசிக் காலத்தில் வறுமையில்தான் செத்தான்.

ஜனவரி 16 அன்று கொருன்னாவில் மூர் பீரங்கிக் குண்டு பட்டு இறந்தார். அதே நாளில் அவருக்கு அடுத்த தளபதி ஒரு கையை இழந்தார். புள்ளலூரில் பிடிபட்ட அதே டேவிட் பெயர்ட்தான் அவர்.

மூருக்குப் பின் லைட் இன்ஃபன்ட்ரியை நடத்தியவர் ராபர்ட் கிராஃபர்ட். 'கறுப்பு பாப்' என்று பட்டப்பெயர். சிப்பாயை அடிக்காமல் வளர்த்தார்கள் என்ற மூர் கதை இவரிடம் வந்ததும் தடுமாறும். கொருன்னாவுக்குப் போன அதே குளிர்காலம், படையின் ஒரு பகுதி தனியாகப் பிரிந்து வீகோ துறைமுகத்துக்குப் பின்வாங்கிய வழியில், பசியில் நடக்க முடியாதவர்கள் நடுவே நின்று கசையடி கொடுத்தவர் இவர். வழியில் தண்ணீர் தேங்கியிருந்தால் சுற்றிப் போகக் கூடாது, ஒருவன் சுற்றினால் மொத்த வரிசையும் தாமதமாகும் என்பது இவர் சட்டம். ஆற்றைக் கடக்கும்போது ஓர் அதிகாரி கால் நனையாமல் சிப்பாயின் முதுகில் ஏறி வந்ததைப் பார்த்தவர், தண்ணீரில் பாய்ந்து போய் 'அவனைக் கீழே போடு' என்று கத்தினார். அதிகாரி இடுப்பளவு தண்ணீரில் விழுந்தார். இதைச் சொல்பவன் ஹாரிஸ் என்ற செருப்புத் தைக்கும் ரைஃபிள்காரன். கிராஃபர்டின் கண்டிப்பு இல்லாவிட்டால் யாரும் உயிரோடு வந்திருக்க மாட்டோம் என்றும் அவனே சொல்கிறான். அதிகாரிகள் பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை, சிப்பாய்கள் பயந்தார்கள், ஆனால் நம்பினார்கள். சாப்பாடு நேரத்துக்கு வந்தது என்பதுதான் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

1810 பிப்ரவரியில் 43, 52, 95 ஆகியவற்றோடு போர்ச்சுகல் நாட்டு லைட் இன்ஃபன்ட்ரியான கசடோர்களின் இரண்டு பட்டாலியன்களையும் சேர்த்து 'லைட் டிவிஷன்' உருவானது. அதோடு ஜெர்மானிய ஹுஸார் குதிரைப்படையும் ஒரு குதிரை பீரங்கிப் பிரிவும் சேர்ந்து வேலை செய்தன. ஸ்பெயின் எல்லையில் அகேடா ஆற்றின் ஓரமாக நாற்பது மைல் நீளத்துக்குப் புறக்காவல் போட்டு, மாதக்கணக்கில் பிரெஞ்சு ராணுவம் இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்க முடியாதபடி கிராஃபர்ட் மறைத்து வைத்தார். நடுராத்திரியில் எச்சரிக்கை வந்தால் டிவிஷன் முழுவதும் ஏழு நிமிடத்தில் ஆயுதத்தோடு நிற்கும், கால் மணி நேரத்தில் சண்டை அணிவகுப்பில் இருக்கும் என்று 43ஆம் ரெஜிமெண்டில் இருந்த வில்லியம் நேப்பியர் எழுதுகிறார். லைட் இன்ஃபன்ட்ரியின் உச்சம் எது என்று கேட்டால் பெரிய போர்களை விட்டுவிட்டு இந்த ஆற்றங்கரை மாதங்களைத்தான் சொல்வேன்.

அப்புறம் அவரே அதைக் கெடுத்துக்கொள்ளப் பார்த்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சண்டையில் மாட்டிக்கொள்ளாதே என்று பிரிட்டிஷ் படையின் தலைமைத் தளபதி வெலிங்டன் சொல்லியிருந்தும், 1810 ஜூலை 24 அன்று அல்மெய்டா கோட்டைக்கருகே கோஆ ஆற்றுக்கு இந்தப் பக்கம் வராமல் நின்றார். எதிரே வந்த பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் நேயின் படை பல மடங்கு பெரியது. பின்னால் செங்குத்தான சரிவு, கீழே ஒரே ஒரு குறுகிய பாலம். தளபதியின் திட்டம் கலைந்துபோனது. காப்பாற்றியது கீழ்மட்டத்து அதிகாரிகளும் சிப்பாய்களும். மேலிருந்து கட்டளை வராமலே கம்பெனிகள் சுவருக்குச் சுவர் நின்று பின்வாங்கின. பாலத்தை எல்லோரும் கடப்பதற்குள் முக்கியமான ஒரு மேடு பறிபோனபோது 43உம் 95உம் திரும்பி ஏறி மேட்டைப் பிடித்து, பின்தங்கிய 52ஆம் ரெஜிமெண்ட் ஆட்களுக்கு வழி திறந்தன. இழப்பு 300க்கும் மேல். அதற்கப்புறம் பாலத்தைக் கடக்க நே மறுபடி மறுபடி ஆள் அனுப்பி அதைவிட அதிகமாக இழந்தார். ஷோர்ன்கிளிஃபில் கற்றதற்கான உண்மையான தேர்வு இதுதான்: மேலே இருப்பவர் தவறினால் கீழே இருப்பவன் என்ன செய்வான்?

செப்டம்பர் 27 அன்று புஸ்ஸாகோ மலைமுகட்டில் லைட் டிவிஷன் தன் இன்னொரு முகத்தைக் காட்டியது. 95உம் கசடோர்களும் சரிவில் சிதறி நின்று, ஏறிவரும் பிரெஞ்சுத் திரளை அரித்துக்கொண்டே பின்வாங்கினார்கள். 43உம் 52உம் முகட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் படுத்திருந்தன. மூச்சு வாங்க மேலே வந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரில் கிராஃபர்ட் மட்டும் நின்றிருந்தார். மூரின் சாவுக்குப் பழி வாங்கு என்று 52ஆம் ரெஜிமெண்டைப் பார்த்து அவர் கத்தியதும் சுமார் 1,800 பேர் எழுந்து, சுட்டு, பயோனெட்டோடு இறங்கினார்கள். சில நிமிடத்தில் முடிந்தது. சிவப்புச் சட்டை, சாதாரண மஸ்கட், இறுக்கமான வரிசை. இதைச் செய்ததும் லைட் இன்ஃபன்ட்ரிதான்.

அடுத்த வருடம் ஃபுவென்டெஸ் டி ஒனோரோவில் மாட்டிக்கொண்ட 7ஆம் டிவிஷனை மீட்கப் போய், திறந்த சமவெளியில் பிரெஞ்சுக் குதிரைப்படை சுற்றிச் சுற்றி வர, சதுர அணிகளாக நடந்தே திரும்பினார்கள், பெரிய சேதமில்லாமல். 1812 ஜனவரியில் சியுடாட் ரொட்ரிகோ கோட்டைச் சுவர் உடைப்பில் ஏறும்போது கிராஃபர்ட் குண்டடிபட்டு, சில நாளில் இறந்தார். அந்த உடைப்பிலேயே புதைத்தார்கள்.

ஏப்ரல் 6 அன்று படாஹோஸ். கோட்டை உடைப்பில் லைட் டிவிஷன் இருட்டில் திரும்பத் திரும்ப மோதி ஏற முடியாமல் செத்தது. கோட்டை வேறு பக்கத்தால்தான் விழுந்தது. உயிரோடு இருந்தவர்கள் அப்புறம் நகருக்குள் புகுந்து, மூன்று நாள் கொள்ளையும் கொலையும் பாலியல் வன்முறையும் செய்தார்கள். அந்த மக்கள் எதிரிகள்கூட இல்லை, கூட்டாளி நாட்டு ஸ்பானியர்கள். தானாகச் சிந்திக்கும் சிப்பாய், தோழமை, நம்பிக்கை என்று பேசும்போது படாஹோஸையும் சேர்த்தே பேச வேண்டும். அந்த நாட்களில் பாதுகாப்புத் தேடி 95ஆம் ரெஜிமெண்ட் முகாமுக்கு வந்த 14 வயது ஹுவானாவை ஹாரி ஸ்மித் என்ற அதிகாரி சில நாளில் மணந்துகொண்டார். தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் நகரம் அந்த ஹுவானாவின் பெயரால் வந்ததுதான். இதைக் காதல் கதையாக மட்டும் சொல்லிவிட்டு நகரத்துக்கு நடந்ததை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

எதிரியோடு அவர்கள் நடந்துகொண்ட விதம் இதற்கு நேர்மாறு. புறக்காவலில் இரு தரப்பும் தேவையில்லாமல் ஒருவரையொருவர் சுடுவதில்லை என்று எழுதாத ஒப்பந்தம். 1813 டிசம்பரில், தெற்கு பிரான்ஸில் நீவ் ஆற்றுப் பக்கம், 43ஆம் ரெஜிமெண்ட் தாக்குதலுக்குத் தயாராகக் கூடியது. இருபது கஜத்தில் ஒரு பிரெஞ்சுக் காவல்காரன். அந்த வழக்கத்தை நம்பி முதுகு மூட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நடந்துகொண்டிருந்தான். முன்னேறக் கட்டளை வந்ததும் ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் அவனிடம் போய், இடத்தைக் காலி பண்ணு என்று சொல்லி, மூட்டையைத் தூக்கி அவன் முதுகில் மாட்டியும் விட்டான். அதற்கப்புறம்தான் சுடத் தொடங்கினார்கள். மறுநாள் பிரெஞ்சுக்காரர்கள் 43இன் காவல்காரனுக்கு இதே மரியாதையைத் திருப்பிச் செய்தார்களாம். இதையும் நேப்பியர்தான் சொல்கிறார்.

நேப்பியர் என்றதும் ஒரு எச்சரிக்கை. லைட் டிவிஷனின் புகழுக்கு ஒரு காரணம் அதன் ஆட்கள் நன்றாக எழுதினார்கள் என்பது. போரின் பெரிய வரலாற்றை எழுதிய நேப்பியரே அந்த டிவிஷன்காரர். 95இல் மட்டும் நினைவுக் குறிப்பு எழுதியவர்கள் அரை டஜனுக்கு மேல். ஆனால் வெலிங்டனின் ராணுவம் முழுவதையும் தினசரி காத்தது வேறு ஆட்கள். 1809 மே மாதமே அவர் ஒவ்வொரு பிரிகேடிலும் (சில பட்டாலியன்கள் சேர்ந்த பிரிவு) இருந்த லைட் கம்பெனிகளை ஒன்றாகச் சேர்த்து, அவற்றோடு 60ஆம் ரெஜிமெண்ட் ஜெர்மானிய ரைஃபிள்காரர்களில் ஒரு கம்பெனியையும் இணைக்க உத்தரவிட்டார். அந்தப் பட்டாலியன் இப்படித் துண்டு துண்டாகப் பிரிந்து எல்லாச் சண்டையிலும் இருந்தது, ஒன்றாக இல்லாததால் பெயர் எடுக்கவில்லை. கூடவே பழுப்புச் சட்டை கசடோர்கள், ஹனோவரிலிருந்து வந்த கிங்ஸ் ஜெர்மன் லீஜியனின் லைட் பட்டாலியன்கள். வெலிங்டன் தன் வரிசையை மேட்டுக்குப் பின்னால் மறைத்து வைப்பார். முன்னால் இருந்த இந்தத் திரையை பிரெஞ்சுக்காரர்களால் கிழிக்க முடியாததால், உண்மையான வரிசை எங்கே என்று தெரியாமலே திரண்டு ஏறிவந்து அதன்மேல் முட்டினார்கள். வெலிங்டனின் வெற்றிகளில் பலவற்றின் சூத்திரம் இதுதான். திரையைப் பிடித்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை.

வாட்டர்லூவில் லா ஹே சாந்த் பண்ணை வீட்டைக் காத்ததும் ஒரு ஜெர்மன் லீஜியன் லைட் பட்டாலியன்தான். மேஜர் கேயோர்க் பாரிங்கிடம் முதலில் இருந்தது சுமார் 400 பேர், அப்புறம் உதவிக்குச் சிலர் வந்தார்கள். மதியம் முழுக்கத் தாக்குப்பிடித்தார்கள். ரைஃபிள் தோட்டா தீர்ந்தது. திரும்பத் திரும்பக் கேட்டும் வரவில்லை. கடைசியில் பாரிங்கோடு வெளியே வந்தவர்கள் 42 பேர்.

அந்த மாலை நெப்போலியனின் தேர்ந்தெடுத்த சிறப்புப் படையான இம்பீரியல் கார்டு மேடேறியபோது, ஜான் கோல்போர்ன் தன் 52ஆம் ரெஜிமெண்டை வரிசையிலிருந்து கதவு திறப்பதுபோல் திருப்பி, கார்டின் பக்கவாட்டில் நிறுத்திச் சுட வைத்தார். மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. அதே பிரிகேடில் பக்கத்தில் நின்றது 71ஆம் ரெஜிமெண்ட். பரங்கிப்பேட்டையில் சண்டை போட்ட அதே ஹைலேண்ட்காரர்கள், 1809இலிருந்து லைட் இன்ஃபன்ட்ரி. ஆனால் கார்டை முறியடித்த பெருமை 1ஆம் ஃபுட் கார்ட்ஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் ரெஜிமெண்டுக்குப் போனது. அடுத்த மாதமே அவர்களுக்கு கிரனேடியர் கார்ட்ஸ் என்ற பெயர் கிடைத்தது, இன்றுவரை அதுதான் பெயர். 52ஆம் ரெஜிமெண்ட்காரர்கள் இதை மன்னிக்கவே இல்லை. ஐம்பது வருடம் கழித்தும், அன்று 17 வயதில் அந்த ரெஜிமெண்டின் கொடியைச் சுமந்த ஒருவர் இதற்காகவே தடித்தடிப் புத்தகம் எழுதிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். ராணுவ வரலாற்றுக்காரர்கள் நடுவே அந்தச் சண்டை இன்னும் முடிந்தபாடில்லை.